கோழிப் பண்ணையில் சால்மோனெல்லாவைக் கண்டறிதல்: மாதிரி எடுப்பது முதல் ஆய்வறிக்கை வரை

கோழிப் பண்ணையில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா இரு வேறு விதமாகத் தொல்லை தருகிறது. அதன் வகைகளில் சால்மோனெல்லா காலினேரம், சால்மோனெல்லா புல்லோரம் ஆகிய இரண்டும் கோழியையே தாக்கிக் கொல்பவை. மனிதருக்கு அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் போன்ற வகைகளோ வளர்ந்த கோழியின் குடலில் அறிகுறி எதுவும் காட்டாமல் தங்கியிருந்து, முட்டை வழியாகவும் இறைச்சி வழியாகவும் மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குபவை. இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றும் பொது முறை இந்த இரண்டாவது கூட்டத்தைப் பிடிப்பதற்காக வகுக்கப்பட்டது. கோழிகள் செத்துக்கொண்டிருக்கும் கொட்டகையிலிருந்து வந்த மாதிரியை அந்த முறை ஒன்றிலேயே சோதித்துவிட்டு 'சால்மோனெல்லா இல்லை' என்று அறிக்கை கொடுத்தால், கொன்ற கிருமி கொட்டகையிலேயே இருக்கும். நாமக்கல் போன்று முட்டைக்கோழிக் கொட்டகைகள் நெருங்கி அமைந்த பகுதியில் இந்தத் தவறு ஒரு பண்ணையோடு நின்றுவிடாது. ஆகவே, எதைத் தேடுகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற மாதிரியை எடுத்து, அதற்கேற்ற வழியில் சோதிப்பது எப்படி என்பதைக் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆய்வக நுட்பர்களுக்கும் பெரும்பண்ணை மேலாளர்களுக்கும் இங்கே விளக்குகிறேன்.

எதைச் சந்தேகிப்பது

புல்லோரம் பெரும்பாலும் குஞ்சுகளின் நோய். தாய்க்கோழியின் சினைப்பையில் தங்கியிருக்கும் பாக்டீரியா முட்டைக்குள் புகுந்து, பொரிப்பகத்திலேயே பக்கத்துக் குஞ்சுகளுக்கும் தொற்றிவிடுகிறது. குஞ்சுகள் புரூடர் எனப்படும் சூடேற்றியின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, இறக்கை தொங்கி, ஆசனவாயைச் சுற்றி வெண்ணிற எச்சம் காய்ந்து ஒட்டிய நிலையில் காணப்படும். இறப்பு இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் உச்சத்தைத் தொடும். காலினேரம் உண்டாக்கும் கோழி டைபாய்டு, வளரும் கோழிகளையும் முட்டையிடும் கோழிகளையும் அதிகம் தாக்குகிறது. கொண்டை வெளிறி, தீவனம் குறைந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த கழிச்சல் கண்டு, நாள்தோறும் சில கோழிகள் என்று வாரக்கணக்கில் இறப்பு நீள்வது அதன் இயல்பு. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் வீங்கி வெண்கல நிறத்தில் பளபளக்கும். காற்றுப்பட்டுச் சிறிது நேரம் ஆனபின் அந்த நிறம் இன்னும் தெளிவாகத் தெரியும். மண்ணீரல் பருத்திருக்கும். சினைப்பையில் உள்ள கருக்கள் உருண்டை வடிவம் இழந்து, நிறம் மாறி, காம்பில் தொங்கும்.

இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கோழிக் காலராவிலும் ஈ.கோலை தொற்றிலும் ஏறத்தாழ இதே மாற்றங்கள் தோன்றலாம். பண்ணையாளர் 'வெள்ளைக் கழிச்சல்' என்று சொன்னால் அவர் ராணிக்கெட் நோயைக் குறிப்பிடுகிறார் என்பதே பெரும்பாலும் உண்மை. எனவே அதற்கான சோதனையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கன்றுகளில் நிலைமை வேறு. டைஃபிமூரியமும் டப்ளினும் முக்கியமாக முதல் மூன்று மாத வயதுக்குள் கடுங்காய்ச்சலோடு, ரத்தமும் சளிச்சவ்வுத் துணுக்குகளும் கலந்த கழிச்சலை உண்டாக்கும். டப்ளின் சினைமாடுகளில் கருச்சிதைவையும் உண்டாக்கும். பன்றியில் காலரேசூயிஸ், செம்மறியாட்டில் அபார்டஸோவிஸ் என்று ஒவ்வொரு விலங்குக்கும் அதனதன் செரோவகை (சீரச் சோதனையால் பிரித்தறியும் உட்பிரிவு) உண்டு. மொத்தச் செரோவகைகள் 2500க்கும் மேல் என்றாலும், எந்த விலங்கு, எந்த வயது, எந்த அறிகுறி என்ற மூன்று விவரங்கள் மாதிரியோடு வந்தால் ஆய்வகம் தேட வேண்டிய வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

மாதிரி எடுத்தல்

சரியான முடிவு வராமல் போவதற்கு, கிருமியை வளர்க்கும் ஊடகத்தையும் கருவியையும்விட மாதிரியே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் விதி, மருந்து கொடுப்பதற்கு முன்பே மாதிரி எடுப்பது. குடிநீரில் ஆன்டிபயாடிக் கலந்து இரண்டு நாள் ஆனபின் அனுப்பப்படும் எச்சத்தில் கிருமி வளராமல் போகலாம். ஆனால் கோழி குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால், மருந்தின் பெயரையும் தொடங்கிய நாளையும் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

இறப்பு இருக்கும் கொட்டகையில், அப்போதுதான் இறந்த கோழிகளையும், சாகும் தறுவாயில் உள்ள சில கோழிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர் கோடை வெயிலில் காலையில் இறந்த கோழி பிற்பகலுக்குள் அழுகத் தொடங்கிவிடும். அதன்பின் கல்லீரலில் புரோட்டியஸ், ஈ.கோலை போன்ற பிற பாக்டீரியா பெருகி, தேடும் கிருமியை மூடி மறைத்துவிடும். அழுகிய உடல் மட்டுமே கிடைக்கும் நிலையில் தொடை எலும்பை முழுதாக எடுத்து அனுப்பலாம். எலும்பு மஜ்ஜை மற்ற உறுப்புகளைவிடத் தாமதமாகவே மாசுபடும், காலினேரமும் அதில் நன்றாகக் கிடைக்கும். கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை, சினைப்பை ஆகியவற்றை ஒரு கொள்கலனிலும், குருட்டுக்குடலை வேறொரு கொள்கலனிலும் வைக்க வேண்டும். குடலையும் கல்லீரலையும் ஒரே பையில் போட்டு அனுப்பினால், கல்லீரலில் வளர்ந்த கிருமி ரத்தத்தின் வழியாக அங்கே வந்ததா, பையில் குடலிலிருந்து ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ப்புச் சோதனைக்கான உறுப்பு எதையும் பார்மலினில் போடக் கூடாது. திசுப் பரிசோதனைக்கு வேண்டுமானால் தனியாக ஒரு சிறு துண்டை 10 சதவீத பார்மலினில் அனுப்பலாம்.

அறிகுறி இல்லாத மந்தையில் என்டெரிடிடிஸைத் தேடும்போது தனிக் கோழியைப் பிடித்து ஆசனவாய்த் துடைப்பு எடுப்பது பெரும்பாலும் வீண் வேலை. தொற்றுள்ள கோழி எல்லா நாளும் கிருமியை வெளியேற்றுவதில்லை. துடைப்பானில் ஏறும் எச்சமும் மிகக் குறைவு. மந்தை முழுவதையும் ஒரே அலகாகக் கருதி மாதிரி எடுப்பதே சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் முட்டைக்கோழி விதிமுறை, கூண்டுக் கொட்டகையில் இயல்பாகக் கலந்த எச்சத்தை 150 கிராம் வீதம் இரண்டு மாதிரிகளாக எடுக்கச் சொல்கிறது. தரையில் வளர்க்கும் கொட்டகைக்கு, காலணியின்மேல் ஈரமான உறையை மாட்டிக்கொண்டு கொட்டகை நெடுக நடந்து அந்த உறையையே மாதிரியாக அனுப்பும் முறையை வைத்திருக்கிறது. கூண்டுகளின் அடியில் எச்சம் குவியும் நம் கொட்டகைகளுக்கு முதல் முறை நன்றாகவே பொருந்தும். எல்லா வரிசைகளிலிருந்தும், முன்பகுதி, நடுப்பகுதி, கடைசிப் பகுதி என மூன்று இடங்களிலிருந்தும், புதிதாக விழுந்த ஈரமான எச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். காற்றுப்போக்கியிலும் மின்கம்பிகளின்மேலும் படிந்திருக்கும் தூசியையும் சேர்த்தெடுப்பது நல்லது, ஏனெனில் சால்மோனெல்லா காய்ந்த தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எலிப் புழுக்கைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்டெரிடிடிஸைக் கொட்டகையில் பெருக்கி, ஒரு மந்தையிலிருந்து அடுத்த மந்தைக்குக் கடத்துவதில் எலிக்குப் பெரும் பங்கு உண்டு.

பொரிப்பகத்திலிருந்து என்றால் முட்டைக்குள்ளேயே இறந்த கருக்களையும், குஞ்சுப் பெட்டியின் அடிவிரிப்புத் தாளையும், முதல் நாளில் இறந்த குஞ்சுகளையும் அனுப்பலாம். அடிவிரிப்புத் தாளில் பல குஞ்சுகளின் எச்சம் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் அது எளிதான, நம்பத்தக்க மாதிரி.

எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். உறைய வைக்கக் கூடாது. பஞ்சுத் துடைப்பான் உலர்ந்துவிடாமல் கேரி-பிளேர் போன்ற கடத்து ஊடகத்தில் வைக்க வேண்டும். படிவத்தில் கோழியின் வயது, இனம், இறப்பு எண்ணிக்கை, கொடுத்த மருந்து, போட்ட தடுப்பூசி ஆகியவற்றோடு, 'கோழி டைபாய்டு சந்தேகம்' அல்லது 'மந்தைக் கண்காணிப்பு' என்று நோக்கத்தையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். ஆய்வகம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியே முடிவு செய்கிறது.

ஆய்வகத்தில்: கண்காணிப்பு மாதிரிக்கான வழி

எச்சம், தூசி, தீவனம் போன்றவற்றுக்கு முதலில் சொன்ன பொது முறையான ஐஎஸ்ஓ 6579-1 என்ற சர்வதேசத் தர முறை அடிப்படையாகும். 25 கிராம் மாதிரியை 225 மி.லி. பஃபர் பெப்டோன் நீரில் கலந்து, 34 முதல் 38 டிகிரி செல்சியஸில் சுமார் 18 மணி நேரம் வைக்க வேண்டும். காய்ந்தும் வெப்பத்தாலும் அடிபட்டுக் கிடக்கும் பாக்டீரியா உயிர்த்தெழும் படி இது. இதைத் தவிர்த்து நேராக, பிற பாக்டீரியாவை அடக்கும் தேர்வு ஊடகத்தில் போட்டால், பலவீனமான கிருமி அங்கேயே இறந்துவிடும். பெப்டோன் நீரைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாமல், முதலில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த நாள் அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து, எம்எஸ்ஆர்வி எனப்படும், சால்மோனெல்லா நகர்ந்து பரவக்கூடிய அரைத்திட ஊடகத் தட்டின் பரப்பில் மூன்று சொட்டுகளாக இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இந்தத் தட்டை மற்றத் தட்டுகளைப் போலத் தலைகீழாகக் கவிழ்க்கக் கூடாது. ஊடகம் இளகியது, வழிந்துவிடும். வெப்பநிலை 41.5 டிகிரி செல்சியஸ். இதில் ஒரு டிகிரி கூடினாலும் சில வகைகளின் வளர்ச்சி குன்றும். ஏப்ரல், மே மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் இன்குபேட்டரின் உள்வெப்பம், முகப்பில் காட்டும் எண்ணைத் தாண்டிவிடும். எனவே தனியே ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் சொட்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெண்ணிற மங்கல் வட்டம் படர்ந்தால், அதன் வெளி விளிம்பை நுண்லூப்பால் தொட்டு எக்ஸ்எல்டி என்ற தேர்வு ஊடகத் தட்டிலும், வேறொரு தேர்வுத் தட்டிலும் கோடிழுக்க வேண்டும். நடுவிலிருந்து எடுத்தால் நகராத பிற பாக்டீரியாவும் கூடவே வரும். வட்டம் படராவிட்டால் தட்டை மேலும் 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்எல்டி ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. கொதிக்கும்வரை சூடாக்கி, உடனே 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்ற வேண்டும். அதிகம் சூடாக்கினால் ஊடகம் திரிந்து வீழ்படிவாகிவிடும். நல்ல தட்டில் சால்மோனெல்லா சிவந்த விளிம்பும் கறுத்த நடுப்பகுதியும் கொண்ட கூட்டமாகத் (காலனி) தெரியும். சில புரோட்டியஸ், சிட்ரோபேக்டர் வகைகளும் கறுப்பதால், கறுப்பைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம்.

ஆய்வகத்தில்: கோழி டைபாய்டு சந்தேகத்துக்கான வழி

மேலே சொன்ன முறை காலினேரத்தையும் புல்லோரத்தையும் கைவிட்டுவிடும் காரணம் எளிது. இவ்விரண்டுக்கும் நகர உதவும் கசையிழை இல்லை. எனவே எம்எஸ்ஆர்வி தட்டில் நகர்ந்து வட்டம் அமைக்காது. தேர்வு ஊடகங்களில் இவை மெதுவாகவும் சிறிதாகவும் வளரும். எக்ஸ்எல்டியில் கறுத்த நடுப்பகுதி தோன்றாமலே போகலாம். ஆக, வட்டத்தையும் கறுப்பையும் மட்டும் தேடும் கண்ணுக்கு இவை தென்படுவதே இல்லை.

எனவே உறுப்புகளிலிருந்து நேரடியாகத் தட்டில் போட வேண்டும். கல்லீரலின் மேற்பரப்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிய கரண்டியால் சுட்டு, அந்த இடத்தைக் கீறி, உள்ளிருந்து லூப்பால் எடுத்து, ரத்த அகார் அல்லது சாதாரண ஊட்ட அகார் ஒன்றிலும், மெக்கான்கி அகார் ஒன்றிலும் கோடிழுக்க வேண்டும். மண்ணீரல், உருக்குலைந்த கரு, எலும்பு மஜ்ஜை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தட்டு. 37 டிகிரியில் 24 மணி நேரம் கழித்துப் பார்த்து, எதுவும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கி எறியாமல் 48 மணி நேரம்வரை வைத்திருக்க வேண்டும். புல்லோரம் ஊசி முனையளவு கூட்டமாக இரண்டாவது நாளில்தான் கண்ணில் படலாம். மெக்கான்கியில் அவை நிறமற்றுச் சிறிதாக இருக்கும். குருட்டுக்குடல் மாதிரிக்கு மட்டும் செலினைட் சிஸ்டின் குழம்பில் செறிவூட்டி (தேடும் கிருமியைப் பெருக்கி), பிறகு தட்டில் போடலாம்.

உறுதிப்படுத்துதல்

ஐயத்துக்குரிய கூட்டத்தை முதலில் ஊட்ட அகாரில் தூய்மையாக வளர்த்துக்கொள்ள வேண்டும். டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரைகளும் இரும்பும் கொண்ட அகார்) சாய்வில் குத்திக் கோடிழுத்தால், வழக்கமான சால்மோனெல்லா சாய்வைச் சிவப்பாகவும் அடியை மஞ்சளாகவும் ஆக்கி, வாயுவும் கறுப்பும் காட்டும். குழாயின் மூடியைத் தளர்த்தியே வைக்க வேண்டும். இறுக்கி மூடினால் காற்றின்றிச் சாய்வு சிவக்காமல், முழுவதும் மஞ்சளாகவே நின்று தவறான முடிவைத் தரும். யூரியா சோதனை எதிர்மறையாகவும், லைசின் நேர்மறையாகவும், இண்டோல் எதிர்மறையாகவும் இருக்க வேண்டும். யூரியா ஒன்றே புரோட்டியஸை வெளியேற்றிவிடும்.

காலினேரத்தையும் புல்லோரத்தையும் பிரிக்க மூன்று சோதனைகள் போதும். குளுக்கோஸில் புல்லோரம் பொதுவாக வாயு உண்டாக்கும், காலினேரம் உண்டாக்காது. டல்சிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் காலினேரம் நொதிக்கச் செய்யும், புல்லோரம் செய்யாது. ஆர்னிதின் சோதனையில் புல்லோரம் நேர்மறை, காலினேரம் எதிர்மறை.

எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தால் வகையைக் கண்டறியும் சீரச் சோதனையைக் கண்ணாடித் தட்டில் செய்வதற்கு முன், கூட்டத்தை உப்புநீரில் மட்டும் கலந்து அரை நிமிடம் அசைத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே திரண்டால் அந்த வளர்ப்பை இச்சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. திரளாவிட்டால் பலவின ஓ சீரமும் (பல ஓ வகைகளுக்குப் பொதுவானது), பிறகு ஓ9 சீரமும் சேர்த்துப் பார்க்கலாம். காலினேரம், புல்லோரம், என்டெரிடிடிஸ், டப்ளின் நான்கும் ஓ9 சீரத்தில் திரளும். அதனால் ஓ9 வகையைக் குறிக்கும் 'டி பிரிவு சால்மோனெல்லா' என்ற அளவில் அறிக்கையை நிறுத்துவது பண்ணையாளருக்குப் பயன்படாது. நகரும் தன்மை உண்டா இல்லையா என்பதையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுச் செரோவகைப் பகுப்புக்குத் தூய வளர்ப்பை ஊட்ட அகார் சாய்வில் வைத்து, இசத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள தேசியச் சால்மோனெல்லா மையத்துக்கு அனுப்பலாம்.

மரபணுவைப் பெருக்கிக் காணும் பிசிஆர் சோதனையில் பெரும்பாலான ஆய்வகங்கள் சால்மோனெல்லாவின் இன்வ்-ஏ மரபணுவில் 284 கார இணைகள் கொண்ட துண்டையே தேடுகின்றன. செறிவூட்டிய குழம்பிலிருந்து செய்தால் ஒரு நாளில் முடிவு கிடைக்கும். காலினேரமும் இதில் தப்பாது. ஆனால் இறந்த பாக்டீரியாவின் மரபணுவையும் இது காட்டும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் சொல்லாது. ஆகவே பிசிஆரை வளர்ப்புச் சோதனைக்கு மாற்றாக வைக்காமல், எந்த மாதிரியைத் தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்று வடிகட்டப் பயன்படுத்துவதே நல்லது.

இனப்பெருக்கக் கோழி மந்தைகளில், காலினேரம், புல்லோரத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தத் துளிச் சோதனை இன்றும் பயனுள்ளது. வெண்ணிறப் பீங்கான் பலகையில் நிறமேற்றிய எதிர்ப்பொருள் தூண்டியில் 0.02 மி.லி. அளவுக்கு ஒரு சொட்டு விட்டு, சிறகு நரம்பிலிருந்து அதே அளவு புது ரத்தத்தைக் கலந்து, இரண்டு நிமிடம் பலகையை மெல்ல அசைத்தபடி பார்க்க வேண்டும். ஊதா நிறத் துகள்கள் தெளிவாகத் திரண்டால் நேர்மறை; இரண்டு நிமிடத்துக்குப் பின் ஓரம் காய்ந்து திரள்வதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. என்டெரிடிடிஸ் தொற்றும் தடுப்பூசியும் இதில் நேர்மறை காட்டக்கூடும். அண்மையில் தொற்றிய கோழி எதிர்மறையாகவே இருக்கும். எனவே நேர்மறைக் கோழிகள் சிலவற்றை அறுத்து, உறுப்புகளை வளர்த்துப் பார்த்த பிறகே மந்தைமீது முடிவெடுக்க வேண்டும்.

மருந்துச் சோதனையும் அறிக்கையும்

மருந்து வட்டுகளைத் தட்டில் வைக்கும் வட்டுப் பரவல் முறையில் முல்லர்-ஹின்டன் அகாரைப் பயன்படுத்தி, கிருமிக் கரைசலின் செறிவை 0.5 மெக்பார்லாந்து என்ற கலங்கல் அளவுக்குச் சரிசெய்துகொண்டு மருந்துச் சோதனை செய்ய வேண்டும். ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகளும், முதலிரண்டு தலைமுறைச் செஃபலோஸ்போரின்களும் தட்டில் கிருமி வளராத பெரிய வட்டம் காட்டினாலும், சால்மோனெல்லா கோழியின் செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் உடலில் பலன் தராது. எனவே இவற்றை 'கட்டுப்படும்' என்று அறிக்கையில் எழுதக் கூடாது. கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்துவிட்டது. அதைப் பரிந்துரைக்கும் பேச்சுக்கே இடமில்லை. கோழி டைபாய்டில் மருந்து இறப்பைக் குறைக்கும், ஆனால் பிழைத்த கோழிகள் கிருமியைச் சுமந்துகொண்டே முட்டையிடும் என்பதைப் பண்ணையாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இனப்பெருக்க மந்தையாக இருந்தால் சிகிச்சையை நம்பி வைத்திருக்காமல் மந்தையை ஒழிப்பதே சரி.

அறிக்கையில் எந்த உறுப்பில், எந்த வழியில், எது வளர்ந்தது என்பது இடம்பெற வேண்டும். கல்லீரலிலும் மஜ்ஜையிலும் காலினேரம் வளர்ந்தால் அதுவே இறப்புக்குக் காரணம். எச்சத்தில் மட்டும் வேறொரு செரோவகை வளர்ந்தால், அது கோழி சுமந்த கிருமியே தவிர இறப்புக்கான காரணத்தை வேறெங்கோ தேட வேண்டியிருக்கலாம். எதிர்மறை வந்தால், ஒரே ஒரு மாதிரியை வைத்து மந்தை தூய்மையானது என்று எழுதாமல், சில வார இடைவெளியில் மீண்டும் மாதிரி கேட்க வேண்டும்.

இந்த வேலைகள் அனைத்தும் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்புக்கு உட்பட்டவை. மாதிரியை அரைப்பதும் கலக்குவதும் பாதுகாப்புப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். பயன்படுத்திய தட்டுகள் அனைத்தும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யப்பட்ட பிறகே வெளியேற வேண்டும். நேர்மறை வந்த கொட்டகையைக் காலி செய்து, கழுவி, கிருமிநாசினி தெளித்து உலரவிட்ட பின், அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இறக்குவதற்கு முன்பாகவே தீவனத் தொட்டியின் மூலைகள், நிப்பிள் குழாய், முட்டைப் பட்டை, மின்விசிறியின் இதழ்கள், தரை விரிசல்கள், எலி வளை வாய்கள் ஆகியவற்றிலிருந்து ஈரத் துடைப்பு எடுத்து மீண்டும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றில் ஒன்று நேர்மறையாக வந்தாலும் குஞ்சு இறக்கும் நாளைத் தள்ளிவைத்து, கழுவும் வேலையை அந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.